கையில் ஏறாத வளையல்

கோவில்பட்டி
18.06.2024

அன்புள்ள சங்கரன் அண்ணனுக்கு,

தங்கை நாகலக்ஷ்மி எழுதுவது. இங்கு நான் சுகம். மகன் மணிவேலும் திருப்பூரில் சுகமாக இருக்கிறான். அங்கு நீங்கள், விசாலம் மதினி, மாப்பிள்ளை ஹரீஷ், என் மகள் மாதங்கி எல்லோரும் நோய் நொடியில்லாமல் இருக்க முருகன் துணை.

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறாள் என்று மதினி கேட்பாள். காதில் மெஷின் மாட்டியும் போனில் பாதிப் பேச்சு எனக்கு விழுவதில்லை. நான் இங்கே கத்துகிறேன், அங்கே ஸ்பீக்கரில் வீடே கேட்கிறது. கடிதம் என்றால் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லலாம், யாரும் குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். மாதங்கிக்கு இது ஐந்தாம் மாதம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டுக் கையோடு அவளை என்னிடம் அனுப்பிவிடுங்கள். தலைப்பிரசவம் பெற்றவள் வீட்டில்தான் நடக்க வேண்டும். பெரியாஸ்பத்திரி எனக்கு நடக்கிற தூரம்.

வளைகாப்புக்கு நான் வரப்போவதில்லை. இவங்க அப்பா போன பிறகு எந்தச் சடங்கில் நின்றாலும் யாராவது ஒருத்தி என்னைப் பார்த்து முகம் சுளிக்கிறாள். மாதங்கி கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து, "நாகு, அடுப்படியில பால் பொங்குதான்னு பாரு" என்று என்னை அனுப்பியது யார் என்பதை நான் மறக்கவில்லை. பெற்ற மகள் கையில் ஒரு வளையல் போட எனக்கு உரிமை இல்லையென்றால், ஓரமாக நின்று பார்ப்பதற்கு நான் ரயிலேறி வர வேண்டாம்.

பதில் போடவும்.

இப்படிக்கு,
நாகலக்ஷ்மி


டாக்குரியா, கொல்கத்தா
09.07.2024

என் அன்புத் தங்கை நாகுவுக்கு,

அண்ணன் சங்கரன் ஆசிகளுடன். நாங்கள் எல்லோரும் சௌக்கியம். மழை ஆரம்பித்துவிட்டது. கடைத் தெருவில் முழங்கால் தண்ணீர், அப்பளக் கட்டெல்லாம் மேல் தட்டுக்கு ஏறிவிட்டது. உன் முட்டுவலி எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

கல்யாணத்தில் நடந்ததையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. விசாலம் வேண்டுமென்று செய்யவில்லை.

மாதங்கியைப் பற்றி நீ கவலையே பட வேண்டாம். அவள் அந்நிய வீட்டிலா வாழ்கிறாள்? நான் அவளுக்குத் தாய்மாமன். தாய்மாமன் வீடு தாய்வீடு இல்லையா? உன் வீட்டில் பார்த்தால் என்ன, என் வீட்டில் பார்த்தால் என்ன? இவ்வளவு தூரம் ரயிலில் அலைக்கழிக்கவும் மனம் வரவில்லை. அடுத்த தெருவிலேயே ஒரு நர்சிங் ஹோம் இருக்கிறது. அதை நடத்துகிற மல்லிக் பாபு நம் கடைக்கு இருபது வருஷ வாடிக்கை. இட்லி மாவு அவர் வீட்டுக்கு நம்மிடமிருந்துதான் போகிறது. பாடாவில், அதாவது நம் பேட்டையில், துர்கா பூஜைக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். ஒரு வார்த்தை சொன்னால் நின்று பார்த்துக்கொள்வார்.

ஆவணியில் வளைகாப்பு வைக்கலாம் என்று விசாலம் சொல்கிறாள். ஆடியில் கூடாது அல்லவா. மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்,
சங்கரன்


கோவில்பட்டி
14.08.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய அவா.

தாய்மாமன் வீடு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அண்ணன் மகனுக்கே மகளைக் கொடுத்ததில் எனக்கு இப்படி ஒரு நஷ்டம் வரும் என்று யாரும் அன்றைக்குச் சொல்லவில்லை. வெளியில் கொடுத்திருந்தால் ஏழாம் மாதம் கூட்டிவர எனக்கு உரிமை இருந்திருக்கும். இப்போது மாமியார் வீடும் நீங்கள், தாய் வீடும் நீங்கள் என்றால் நான் யார்? சரி, பூஜை வரைக்கும் பொறுக்கிறேன். பூஜை முடிந்த மறுநாள் அனுப்ப வேண்டும்.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. சாத்தூரில் நம் பழைய வளையல் கடையில் நானே போய் எடுத்தது. பச்சையும் சிவப்பும் கலந்த கண்ணாடி வளையல். ஒற்றைப்படையாக இருக்கிறதா என்று சரிபார்த்தேன். உடையாமல் வர, டப்பாவில் பொரியை நிரப்பி அதற்குள் வைத்திருக்கிறேன். அளவு ரெண்டு நாலு. பூப்பெய்தியதிலிருந்து அவள் கைக்கு அதுதான் அளவு, எனக்கு மனப்பாடம்.

என் கையால் போட முடியாது. நான் எடுத்த வளையலாவது அவள் கையில் இருக்கட்டும். வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளை கேட்கிற முதல் சத்தம் என் வளையல் சத்தமாக இருக்கட்டும். இதை மட்டும் மதினி எனக்காகச் செய்ய வேண்டும்.

போன வாரம் மணிவேல் வந்தபோது வீடியோவில் அவளைக் காட்டினான். முகம் நன்றாக நிறைந்திருக்கிறது. திருஷ்டி சுற்றிப் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நாகலக்ஷ்மி


டாக்குரியா
10.09.2024

அன்புத் தங்கை நாகுவுக்கு,

அண்ணன் ஆசிகள். எல்லோரும் சுகம்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. ஐந்து வகைச் சாதம், சுண்டல், அதிரசம் எல்லாம் வீட்டிலேயே செய்தோம். ஜாதவ்பூரில் படிக்கிற நம் ஊர்ப் பெண்கள் வந்து பாட்டுப் பாடினார்கள். கீழ்வீட்டு நந்திதா பௌதி, இங்கே அண்ணியைப் பௌதி என்பார்கள், பட்டுச் சேலை கட்டி வந்து, வளையல் போட்டு, கன்னத்தில் சந்தனமும் பூசினாள். பள்ளிக்கூட டீச்சர், நல்ல மனுஷி. மாதங்கியை ரொம்ப இஷ்டம் அவளுக்கு.

ஒரே ஒரு குறை. நீ அனுப்பிய வளையல் ஒன்றுகூட உடையாமல் வந்து சேர்ந்தது. ஆனால் மாதங்கி கையில் ஏறவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தார்கள், எண்ணெய் போட்டுப் பார்த்தார்கள், முட்டியைத் தாண்டவில்லை. நல்ல நேரம் போகிறது என்று ஹரீஷ் கடியாஹாட் கடைவீதி வரை ஓடிப்போய் ரெண்டு பத்து அளவில் வாங்கிவந்தான். அதைத்தான் போட்டோம். உன் வளையல் சாமி அறையில் பத்திரமாக இருக்கிறது.

அவள் இங்கே வந்து சதை போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். கல்யாண மோதிரத்தைக்கூடப் போன வாரம் ஆசாரியிடம் போய் வெட்டி எடுத்தோம். விசாலம் வைத்துச் சாப்பாடு போடுகிற லட்சணம் அது. உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பூஜைச் சரக்கு வந்து இறங்குகிறது. கடையை விட்டு நகர முடியவில்லை.

உன் அண்ணன்,
சங்கரன்


கோவில்பட்டி
20.09.2024

அண்ணனுக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் இருப்பீர்கள்.

பெற்ற மகள் கை அளவு எனக்குத் தெரியாதா? சில மாதத்தில் ரெண்டு நாலு எப்படி ரெண்டு பத்தாகும்? குழந்தை வயிற்றில் வளருமா, மணிக்கட்டில் வளருமா? கதை எழுதினாலும் கொஞ்சம் நம்புகிற மாதிரி எழுதுங்கள்.

நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும். தாலியறுத்தவள் தொட்டு எடுத்த வளையல். அதை முதல் பிள்ளைக்காரி கையில் போடலாமா என்று ஒருத்தி கிசுகிசுத்திருப்பாள். மதினி சோப்பைக் கையில் எடுத்து, ஏறவில்லை என்று நாடகம் ஆடியிருப்பாள். நேரே சொல்லியிருக்கலாமே. "உன் வளையல் எங்க சபைக்கு ஆகாது" என்று எழுதியிருந்தால் நான் பொரியையாவது தின்றிருப்பேன்.

சாமி அறையில் வைத்திருக்கிறீர்களாம். எனக்கு மாலை போட்டு வைத்த மாதிரி.

மதினி சாப்பாட்டில் சதை போட்டாள் என்று வேறு பெருமை. அப்படியானால் நான் இருபத்து நாலு வருஷம் அவளைப் பட்டினி போட்டா வளர்த்தேன்? மதினிக்குச் சொல்லுங்கள், எனக்கு வாய் இருக்கிறது, எங்கே திறக்க வேண்டுமோ அங்கே திறப்பேன்.

விஜயதசமி முடிந்த மறுநாள் மணிவேல் வந்து அவளைக் கூட்டிவருவான். டிக்கெட் போட்டாயிற்று. இதில் பேச்சு இல்லை.

நாகலக்ஷ்மி


டாக்குரியா
04.10.2024

நாகுவுக்கு,

ஆசிகள். இங்கே சுகம்.

உன் கடிதத்தைப் படித்து விசாலம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. முருகன் மேல் சத்தியமாக வளையல் ஏறவில்லை. வேண்டுமானால் நந்திதா பௌதியைக் கேள். நீ எழுதியது ரொம்ப அதிகம். பெரியவன் நான் பொறுத்துக்கொள்கிறேன், ஆனால் மதினியிடம் நீ ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தால் நன்றாக இருக்கும்.

மாதங்கி சுகம். அடிக்கடி தலைவலி என்கிறாள், புழுக்கம் அப்படி. டாக்டரிடம் காட்டினோம். எல்லாம் பூஜைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலில் கொஞ்சம் வீக்கம், அது எல்லோருக்கும் உள்ளதுதான்.

தெரு முழுக்க மூங்கில் கட்டி விளக்குப் போட்டாயிற்று. கடையில் மூச்சுவிட நேரமில்லை. மணிவேல் வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

சங்கரன்


கோவில்பட்டி
28.11.2024

அண்ணனுக்கு,

மணிவேலும் நானும் வந்து சேர்ந்தோம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் தரையில் படுத்தேன். என் மகள் கண் விழித்து என்னைப் பார்த்து, "புள்ள எங்கம்மா" என்று கேட்டபோது பக்கத்தில் நின்றவள் நான். நீங்கள் வராந்தாவுக்குப் போய்விட்டீர்கள். ஹரீஷ்தான் சொன்னான். பெண் குழந்தையாம், தலை நிறைய முடியாம். நான் வருவதற்குள் அடக்கம் செய்துவிட்டார்கள். பேத்தியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

இத்தனை நாளில் உங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். அஷ்டமி அன்றைக்கு என்ன நடந்தது? அடுத்த தெரு நர்சிங் ஹோமுக்குப் போன பெண், அங்கே பார்க்காமல் ஊரைச் சுற்றி அரசு ஆஸ்பத்திரிக்கு வலிப்போடு போய்ச் சேர்ந்தது எப்படி? கேட்கும்போதெல்லாம் நீங்கள் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள். மதினி அழுதாள். ஹரீஷ், "எனக்குத் தெரியாது அத்தே, என்னைய ரத்தம் வாங்க அனுப்பிட்டாங்க" என்றான். காது கேட்காதவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தீர்களா? எனக்குக் கண் தெரியும், எழுத்து வரும். எழுதுங்கள்.

இருபது வருஷ வாடிக்கை, ஒரு வார்த்தை சொன்னால் நின்று பார்ப்பார் என்று எழுதினீர்களே, அந்த மல்லிக் பாபு எங்கே நின்றார்? நான் அங்கே இருந்த நாளெல்லாம் அவர் வீட்டுக்கு இட்லி மாவு போய்க்கொண்டுதான் இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். வயிறு எரிகிறது.

மாதங்கி உடம்பு தேறியதும் அவளை அனுப்பிவிடுங்கள். இந்தத் தடவை நான் கெஞ்சிக் கேட்கவில்லை.

நாகலக்ஷ்மி


டாக்குரியா
22.12.2024

அன்புத் தங்கை நாகுவுக்கு,

ஆசிகள். மாதங்கிக்கு வீக்கம் வற்றிவிட்டது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாள். உன் முட்டுவலி எப்படி இருக்கிறது?

நடந்ததைக் கிளறி என்ன ஆகப்போகிறது? நம் தலையில் அப்படி எழுதியிருந்தது. மாதங்கி பிழைத்தது தெய்வச் செயல். இன்னொரு குழந்தை பிறக்காமலா போகும்?

இப்போது புதிதாக ஒரு தலைவேதனை. நந்திதா பௌதி பேச்சைக் கேட்டுக்கொண்டு மாதங்கி அந்த நர்சிங் ஹோம் மேல் புகார் கொடுத்துவிட்டாள். ஹரீஷும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறான். அலிப்பூர் சுகாதார ஆபீஸில் விசாரணையாம். நான் வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். நாம் வெளியூர்க்காரர்கள், நாகு. இந்தத் தெருவில் இருந்துகொண்டு அவரோடு மோதி நாளைக்கு எப்படிக் கடை திறப்பது? போன வாரமே அவருடைய பூஜைக் கமிட்டி கிளப் பையன்கள் இரண்டு பேர் வந்து, "தாதா, என்ன கேள்விப்படுகிறோம்?" என்று அண்ணன் முறை சொல்லிச் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார்கள்.

நீ பெற்றவள். நீ சொன்னால் கேட்பாள். புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி எழுது. வேண்டுமானால் சில மாதம் உன்னிடம் வந்து இருக்கட்டும், நானே அனுப்பிவைக்கிறேன்.

உன் அண்ணன்,
சங்கரன்


கோவில்பட்டி
05.01.2025

என் கண்ணே மாதங்கிக்கு,

அம்மா எழுதுவது. மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாயா? உப்பைக் குறைத்துக்கொள்.

உன் மாமா கடிதம் போட்டிருக்கிறார். அன்றைக்குக் கேட்டபோது அனுப்பாதவர் இன்றைக்கு அனுப்புகிறாராம். எப்படியோ போகட்டும், நீ வந்துவிடு. கேஸ் கோர்ட் எல்லாம் நமக்கு எதற்கு? அந்நியனைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? குற்றம் அந்த வீட்டுக்குள் இருக்கிறது. நான் கொடுத்த வளையலைக்கூட உன் கையில் போடாதவர்கள் உன்னை எப்படிக் காப்பாற்றுவார்கள்? துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பு. மணிவேல் வருவான்.

அம்மா


டாக்குரியா
27.01.2025

அம்மாவுக்கு,

மாதங்கி எழுதுகிறேன். பிரஷர் குறைந்திருக்கிறது. நலம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் எழுதவில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அஷ்டமி காலையில் எழுந்தபோதே தலை பிளந்தது. கண் முன்னால் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் பறந்தது. அத்தையிடம் சொன்னேன். "புள்ளத்தாச்சிக்கு இதெல்லாம் இருக்கத்தான்ட்டி செய்யும், செத்த படு" என்றார். மத்தியானம் வாந்தி. ஹரீஷ் பயந்து, நந்திதா பௌதியின் காரில் என்னை ஏற்றினான். மாமாவும் கடையிலிருந்து வந்தார். நர்சிங் ஹோமில் டாக்டர் இல்லை, பூஜைக்கு வெளியூர் போயிருந்தார். நர்ஸ் பிரஷர் பார்த்தாள். மெஷின் கெட்டிருக்கும் என்று மறுபடி பார்த்தாள். அந்த நர்ஸ் முகம் மாறியதுதான் எனக்கு நினைவிருக்கிற கடைசி விஷயம்.

மிச்சம் மற்றவர்கள் சொன்னது. எனக்கு வலிப்பு வந்தது. ஹரீஷை ரத்தம் வாங்கி வா என்று அனுப்பிவிட்டார்கள். பௌதி கீழே காரில். மாடியில் என்னோடு இருந்தது மாமா மட்டும். மல்லிக் பாபு வந்து மாமாவிடம் பேசினார். கொஞ்ச நேரத்தில் என்னைப் போர்வையில் சுருட்டிக் கீழே கொண்டுவந்து காரில் போட்டார்கள். ஊசி போடவில்லை, ஆம்புலன்ஸ் கூப்பிடவில்லை. தெருவெல்லாம் கூட்டம், மூங்கில் தடுப்பு. பௌதி இறங்கி ஓடி ஓடித் தடுப்பை நகர்த்தச் சொல்லிக் கத்தினாராம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெட் இல்லை என்று கேட்டிலேயே நிறுத்தினார்கள். யாரும் காருக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அங்கேயே மறுபடி வலிப்பு.

அரசு ஆஸ்பத்திரியில்தான் ஒரு கேள்வியும் கேட்காமல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசி குத்த நரம்பு வேண்டும். வளைகாப்பு வளையல் வீங்கிய கையில் பதிந்து கிடந்ததாம். பஞ்சைச் சுற்றி ஒவ்வொன்றாக உடைத்து எடுத்தார்கள். வலிப்பை நிறுத்துகிற ஊசி போட்டார்கள். டாக்டரம்மா பௌதியிடம், "இந்த ஊசி சின்ன இடத்தில்கூட இருக்கும், அங்கேயே போட்டு அனுப்பியிருந்தால்" என்று சொல்லிவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாராம். என் குழந்தை அந்தப் பாதியில்தான் போனாள்.

இப்போது மல்லிக் பாபு விசாரணையில் சொல்வது, பேஷன்ட் பார்ட்டி தங்கள் இஷ்டப்படி கூட்டிக்கொண்டு போனார்கள் என்று. இல்லை என்று சொல்ல மாமா ஒருவரால்தான் முடியும். முதல் விசாரணைக்கு மாமா வரவில்லை. காய்ச்சல் என்றார். காய்ச்சலோடு கடையில் உட்கார்ந்து மாவு விற்றார்.

இப்போது உனக்கு. மாமா மேஜையில் உன் கடிதங்கள் இருந்தன, எடுத்துப் படித்தேன். அவர் என்ன பதில் எழுதினார் என்பதும் உன் பதிலிலேயே தெரிந்துவிட்டது. அம்மா, வளையல் நிஜமாகவே ஏறவில்லை. யாரும் நாடகம் ஆடவில்லை. கை வீங்கியிருந்தது. மோதிரம் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. முகம் வீங்கியதை நீ வீடியோவில் பார்த்து, நிறைந்திருக்கிறது என்றாய். மணிக்கட்டு எப்படி வளரும் என்று சரியான கேள்வியை நீதான் கேட்டாய். கேட்டுவிட்டு, உன்னை அவமானப்படுத்தினார்கள் என்று நீயே ஒரு பதிலையும் எழுதிக்கொண்டாய். மாமா அதற்குச் சத்தியம் செய்தார். அத்தை சாப்பிடாமல் கிடந்தார். என் கையை வைத்து மூன்று பேரும் ஒரு மாதம் சண்டை போட்டீர்கள். ஒருத்தர்கூட என் கையைப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள். வளைகாப்பு முடிந்த வாரமே டாக்டர் சொன்னார், பிரஷர் ஏறியிருக்கிறது, உடனே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று. மாமா பூஜை முடியட்டும் என்றார். உனக்கு எழுதினால் அன்றைக்கே நீ வந்து என்னைக் கூட்டிப்போய்விடுவாய் என்று எழுதவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு மாமா சொன்னால் சரி என்று இருந்தேன். எல்லோர் மேலும் கோபம் வருகிறது, என்னையும் சேர்த்து.

ஆனால் வீட்டு ஆட்களுக்குப் புத்தியில்லை என்பதற்காக, வலிப்பு வந்தவளைத் தூக்கி வெளியே போட்டவனை விட்டுவிட வேண்டுமா? நீ அந்நியன் என்று எழுதுகிறாய். ஊசியைக் கையில் வைத்திருந்தவன் அந்த அந்நியன்தான். நான் கோவில்பட்டிக்கு வரமாட்டேன். வந்தால், அந்த மதராஸிப் பெண் ஊருக்குப் போய்விட்டாள், விஷயம் முடிந்தது என்பார்கள்.

மாதங்கி


கோவில்பட்டி
10.02.2025

சங்கரன் அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்க இஷ்டமில்லை, விட்டுவிடுகிறேன்.

வளையலுக்காக நான் ஆடிய ஆட்டத்தை என் மகள் எனக்கு எழுதிவிட்டாள். அது என்னோடு. என் கட்டை வேகிற வரைக்கும் அது என்னோடு இருக்கும். மதினியிடம் நான் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் பாடு வேறு. டாக்டர் சொன்னதை எனக்கு மறைத்தீர்கள். அதைக்கூட ஒருநாள் பொறுப்பேனோ என்னவோ. தாய்மாமன் வீடு தாய்வீடு என்று எழுதி என் மகளை என்னிடமிருந்து நிறுத்திக்கொண்டவர் நீங்கள். பெற்றவள் உரிமையை எடுத்துக்கொண்டீர்கள் அல்லவா, பெற்றவள் செய்கிற வேலையையும் செய்யுங்கள். அந்த மாடியில் நான் இருந்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். நீங்கள் சட்டையைப் பிடிக்க வேண்டாம். போய் வாயைத் திறந்து நடந்ததைச் சொன்னால் போதும்.

சொல்லாவிட்டால் எனக்கு அண்ணன் இல்லை. நான் செத்தால் கோடித் துணியோடு வந்து நிற்க வேண்டாம்.

நாகலக்ஷ்மி


டாக்குரியா
19.03.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

பிரஷர் சரியாக இருக்கிறது. நன்றாகத் தூங்கினேன், வெகு நாளைக்குப் பிறகு. உன் காது மெஷினுக்கு பாட்டரி மாற்றினாயா?

நேற்று அலிப்பூரில் விசாரணை. உன் கடிதம் வந்ததிலிருந்து மாமா யாரிடமும் பேசவில்லை. உனக்குப் பதிலும் போடவில்லை என்று தெரியும். நாங்கள் மூன்று பேர், நான், ஹரீஷ், பௌதி, ஆட்டோவுக்கு நின்றோம். மாமா கடை ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார்.

மல்லிக் பாபு வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். மாமாவைப் பார்த்து, "சங்கர்தா, நீங்களுமா?" என்று தோளில் கை வைத்தார். மாமா அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டார்.

மாமாவைக் கூப்பிட்டபோது எழுந்து நின்று தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார். இத்தனை வருஷம் பங்களா பாஷையிலேயே வியாபாரம் செய்த மனுஷர். அதிகாரி நிறுத்தி, பங்களாவில் சொல்லுங்கள் என்றார். பிறகு சொன்னார். அஷ்டமி நாளில் இந்த வீட்டில் உயிர் போனால் பாடாவுக்கே அசுபம், "நியே ஜான்", கொண்டுபோய்விடுங்கள் என்று மல்லிக் பாபு சொன்னாராம். ஊசி ஏதாவது போடுங்கள் என்று மாமா காலில் விழுந்தாராம். எங்கள் இஷ்டப்படி கூட்டிப்போகிறோம் என்று நர்ஸ் முன்னால் சொன்னால்தான் லிஃப்டைத் திறக்கச் சொல்வேன் என்றாராம் மல்லிக் பாபு. "நான் சொன்னேன்" என்றார் மாமா. "அவங்க சொல்லச் சொன்னாங்க, நான் சொன்னேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஹரீஷ் போய் உட்கார வைத்தான். நான் போகவில்லை. இன்னும் எனக்கு அவர் மேல் மனம் இறங்கவில்லை. அதையும் மறைக்காமல் உனக்கு எழுதுகிறேன்.

அடுத்து என் முறை. உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். காலையில் கிளம்பும்போது சாமி அறையில் இருந்த உன் டப்பாவை எடுத்தேன். பொரி நமத்துப் போயிருந்தது. ரெண்டு நாலு அளவு. சோப்புப் போடவில்லை, எண்ணெய் போடவில்லை. இரண்டு கையிலும் ஏறியது. தளர்ச்சியாகக்கூட இருந்தது. நீ சொன்னது சரிதான், என் அளவு அதுதான்.

நான் பேசப் பேச வளையல் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. அதிகாரி இரண்டு தடவை என் கையைப் பார்த்தார். பிறகு, "கையைக் கொஞ்சம் அசைக்காமல் பேசுங்கள், சத்தமாக இருக்கிறது" என்றார். எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியாது. "எங்கள் வழக்கத்தில் இது வயிற்றில் இருக்கிற பிள்ளை கேட்பதற்காகப் போடுவது. அவள் கேட்கவில்லை. அதனால் நீங்கள் கேளுங்கள்" என்றேன். மல்லிக் பாபு ஜன்னல் பக்கம் பார்த்தார். நான் கையை ஆட்டி ஆட்டித்தான் மிச்சத்தையும் சொன்னேன்.

தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. ஏப்ரலில் அடுத்த தேதி கொடுத்திருக்கிறார்கள். இன்று காலை மாமா கடை திறந்தார். இதுவரை யாரும் மாவு வாங்க வரவில்லை. அத்தை அதற்காக அழுகிறார். நாளைக்கு வருவார்கள், வராவிட்டாலும் போகட்டும்.

ஏப்ரல் தேதிக்கு நீ வர வேண்டும். மணிவேலிடம் டிக்கெட் போடச் சொல். அங்கே ஓரமாக நிற்க வேண்டியதில்லை, என் பக்கத்தில் உட்காரலாம். ஒற்றைப்படையாக அனுப்பியிருந்தாய் அல்லவா, அதில் ஒரு வளையலை மட்டும் போடாமல் எடுத்து வைத்திருக்கிறேன். அதை உன் கையால் நீ எனக்குப் போட வேண்டும், எல்லோர் முன்னாலும். யார் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்க்கலாம்.

உன் மகள்,
மாதங்கி